பொம்மை ரயில் தந்த பெருமகன்: பிராங்க் ஹார்ன்பி

நவராத்திரி வந்துவிட்டால் நம் காலனி இல்லங்களில் கொலுப் படிகளுக்குப் பக்கத்திலே ஒரு சிற்றுலகம் உருவாகிவிடுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். மணலைப் பரப்பி, கடுகும் வெந்தயமும் தூவி முளைக்கவிட்டுப் புல்வெளி அமைக்கிறோம். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துத் தெப்பக்குளம் ஆக்குகிறோம். அட்டையைக் குடைந்து சுரங்கம் செய்து, அதனுள்ளே சாவி கொடுத்த ரயிலை ஓடவிட்டுக் குழந்தைகளோடு குழந்தைகளாய்க் கைதட்டி மகிழ்கிறோம். அந்த ரயிலை உருவாக்கி உலகெங்கும் உலவவிட்டவர்களுள் தலையாய ஒருவரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இங்கிலாந்து நாட்டில், லிவர்ப்பூல் நகரில், ஒரு சாதாரணக் கணக்குப்பிள்ளையாய் வாழ்வைத் தொடங்கிக் கோடிக்கணக்கான சிறுவர்களின் கைகளுக்கு வேலை தந்த பிராங்க் ஹார்ன்பி என்னும் பெருமகனின் வரலாற்றை இம்மலரின் வாயிலாகச் சிறிது நினைவுகூர்வோம்.

இளமை

ஹார்ன்பி 1863-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் லிவர்ப்பூலில் பிறந்தார். தந்தையார் ஜான் ஹார்ன்பி மளிகை, உணவுப் பொருள் வாணிகம் செய்துவந்தவர். பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பில் பெரிய நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. 16-ஆம் வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் கடையிலேயே காசாளராய் அமர்ந்தார். எனினும் தன் முயற்சியால் உயர்ந்த மனிதர்களின் கதைகளை விரும்பிப் படிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய தன்முயற்சி பற்றிய நூல் அவரை மிகவும் கவர்ந்தது. அந்த ஊக்கத்தில், எரிபொருளின்றி ஓயாது சுழலும் இயந்திரம் ஒன்றைச் செய்துவிட முனைந்தார். இயற்கையின் விதி இடங்கொடாத அம்முயற்சி வீணாயிற்று. ஆனால் கருவிகளைப் பிடித்துப் பழகிய கை மட்டும் வீணாகவில்லை.

1887-இல் கிளாரா என்னும் பள்ளி ஆசிரியையை மணந்தார். ரோலண்ட், டக்ளஸ் என இரு புதல்வர்களும் ஒரு புதல்வியும் பிறந்தனர். 1899-இல் தந்தையார் காலமாகவே, குடும்ப வாணிகம் மூடப்பட்டது. வயது 36, மனைவியும் மக்களும் உண்டு, கைப்பொருளோ மிகக் குறைவு. இறைச்சி இறக்குமதி வாணிகம் நடத்திய டேவிட் எலியட் என்பவரிடம் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. சொந்தக் கடையில் இருந்தவர் பிறர் கடையின் பேரேட்டைத் திறந்து உட்கார வேண்டிய நிலை ஏற்பட்டதை எண்ணிப் பாருங்கள். ஊரை விட்டு வந்து புதிய இடத்தில் புதிய அதிகாரியின் முன் நின்ற நம் முன்னோர் பலருக்கு அந்நிலையின் வருத்தம் நன்கு விளங்கும்.

தகரத் துண்டில் பிறந்த எண்ணம்

வேலை முடிந்து வீடு திரும்பியபின், மாலை வேளைகளில் பிள்ளைகளுக்காகத் தகடுகளை வெட்டிப் பாலமும் வண்டியும் பாரந்தூக்கியும் செய்து தருவது அவர் வழக்கம். ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாகத் துண்டுகள் வெட்ட வேண்டியிருந்தது. பாலத்தின் துண்டு பாரந்தூக்கிக்கு உதவவில்லை. எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவில், ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பொருத்தத் தக்கவையாய்ச் செய்துவிட்டால், பாலத்தைப் பிரித்து அதே துண்டுகளால் பாரந்தூக்கியைக் கட்டலாமே என்ற எண்ணம் அவருள்ளத்தில் உதித்தது.

அரை அங்குல அகலமுள்ள பட்டைகளை வெட்டினார். அரை அங்குலத்திற்கு ஒன்றாகத் துளையிட்டார். துளைகளைச் சேர்த்து வைத்துப் போல்ட்டும் நட்டும் இட்டு முடுக்கினால் இரு பட்டைகள் இணைந்தன. அத்துடன் அவர் நிற்கவில்லை. அதே துளையின் வழியே ஓர் அச்சுக் கம்பியைச் செருகினால் அது தங்குதடையின்றிச் சுழலும் என்பதையும் கண்டார். இணைப்புக்கான துளையே அச்சைத் தாங்கவும் பயன்பட்டதால், சிறுவன் கட்டும் பொம்மை அசையாத கட்டடமாய் நின்றுவிடாமல், சக்கரம் சுழன்று கயிறு இழுக்கும் இயந்திரமாகவே ஆயிற்று. அவர் கண்டுபிடிப்பின் உயிர்நிலை இதுவே. தொடக்கத்தில் போல்ட்டு நட்டுகளையும் தம் கையாலேயே செய்துகொண்டார் என்றால் அவருடைய பொறுமையை என்னென்பது!

கடனும் காத்திருப்பும்

1901 ஜனவரியில் இக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதற்கு வேண்டிய பணம் கையில் இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுன் கடன் வாங்கினார். பின்னர்ப் பல தயாரிப்பாளர்களை நாடிச் சென்றார். கைவேலையாய்ச் செய்த அத்துண்டுகள் பார்வைக்கு அழகாக இல்லாமையால் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஆயின் எலியட் அதன் மதிப்பை உணர்ந்தார். அலுவலகத்தை அடுத்திருந்த காலியிடத்தைத் தந்து, தாமே கூட்டாளியாகவும் சேர்ந்தார். தம்மிடம் சம்பளம் வாங்கும் ஊழியரின் கனவுக்குத் தோள்கொடுத்த அம்முதலாளியின் பெருந்தன்மையையும் நாம் மறத்தலாகாது. லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் ஹீலி-ஷா என்னும் அறிஞரும் இதனைப் பாராட்டி ஆதரவு தந்தார்.

1902-இல் முதற்பெட்டிகள் கடைக்கு வந்தன. இயந்திரக் கலையை எளிதாக்குவது என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. பெட்டியில் 16 வகைத் துண்டுகளும், 12 மாதிரிகளைக் கட்டும் முறையைக் கூறும் தாளும் இருந்தன. 1903-இல் 1,500 பெட்டிகள் விற்றும் இலாபம் ஒரு காசும் இல்லை. 1906-இல்தான் முதன்முதலாகச் சிறிது இலாபம் கண்டார். காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 5 ஆண்டுகள், பகலெல்லாம் பிறர் கணக்கையும் மாலையில் தம் கனவையும் சுமந்துகொண்டு அவர் காத்திருந்தார். 1907-இல் வேலையை விட்டு, டியூக் தெருவில் ஒரு பட்டறையைக் குத்தகைக்கு எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மெக்கானோ என்ற பெயரைப் பதிவு செய்தார். 1908-இல் மெக்கானோ கம்பெனி நிறுவப்பட்டபோது எலியட் விலகிக்கொண்டார். பொறுப்பு முழுவதும் ஹார்ன்பியின் தோளில் விழுந்தது. 1914-இல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916-இல் மெக்கானோ பத்திரிகையும் வெளிவரத் தொடங்கியது.

ரயில் வந்த கதை

முதல் உலகப் போருக்கு முன் இங்கிலாந்துக் கடைகளில் ஜெர்மானியப் பொம்மை ரயில்களே பெரும்பாலும் நிறைந்திருந்தன. போரினால் அவற்றின் வரவு நின்றது. 1920-இல் ஹார்ன்பி தம் பெயராலேயே சாவி கொடுக்கும் ரயிலை வெளியிட்டார். அந்த முதல் இன்ஜினும் வண்டியும் மெக்கானோ முறைப்படியே போல்ட்டு நட்டுகளால் இணைக்கப்பட்டிருந்தன. சிறுவன் திருப்புளியை எடுத்து அதனை முற்றிலும் பிரித்து மறுபடியும் பூட்டலாம். பழுதான உறுப்பை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஓடும் பொருளை வேடிக்கை பார்ப்பதோடு நில்லாமல், அது ஓடும் காரணத்தையும் பிள்ளை அறிய வேண்டும் என்பதே அவர்தம் கொள்கை.

இந்த ரயில்கள் ஓ கேஜ் எனப்படும் அளவைச் சேர்ந்தவை. தண்டவாளங்களின் இடைவெளி 32 மில்லிமீட்டர். உண்மை ரயிலில் ஏறக்குறைய 43-இல் ஒரு பங்கு. 20 மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டியை இவ்விகிதத்தில் சுருக்கினால் சுமார் 46 சென்டிமீட்டர் வரும். அதனை மேசைமேல் வைத்துவிடலாம். இடர்ப்பாடு வளைவுப் பாதையில்தான் இருக்கிறது. 400 மீட்டர் ஆரமுள்ள உண்மையான வளைவை இதே விகிதத்தில் சுருக்கினாலும் 9 மீட்டருக்கு மேல் வருகிறது. எந்த வீட்டுக் கூடத்தில் அதற்கு இடமுண்டு? ஆகவே ஹார்ன்பியின் வளைவுகள் 1 அடி, 2 அடி ஆரத்தில் அமைந்தன. அவற்றில் திரும்ப வேண்டி, வண்டிகளும் நீளம் குறைந்து குட்டையாகவே செய்யப்பட்டன. மாதிரி ரயில் அமைப்போர் எல்லோரும் இன்றளவும் உண்மையளவுக்கும் வீட்டளவுக்கும் இடையே இவ்வாறே சமரசம் செய்துகொள்கின்றனர்.

1925-இல் மின்சார ரயிலும் வந்தது. அதன் ஒரு வகையில் வீட்டு மின்சாரத்தையே ஒரு விளக்கின் வழியாகச் செலுத்தினர். சிறுவர் கை படும் தண்டவாளத்தில் அது ஆபத்தானது என்பது விளங்கவே, குறைந்த அழுத்த மின்சாரத்தால் ஓடும் ரயில்களே பின்னர் நிலைபெற்றன.

இன்ஜினும் பெட்டியும் மட்டும் இருந்தால் அது ரயில்வே ஆகிவிடுமா? நிலையம் வேண்டும், பிளாட்பாரம் வேண்டும், கைகாட்டி மரமும், இன்ஜின் ஷெட்டும், தண்ணீர்த் தொட்டியும், லெவல் கிராசிங் கேட்டும் வேண்டும். அவை யாவும் வண்ணந்தீட்டிய தகரத்தில் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. மரங்களும் வேலிகளும் சுரங்கங்களும் தொடர்ந்தன. 1931-இன் இறுதியில் ஈயக் கலவையில் வார்த்த சின்னஞ்சிறு உருவங்கள் வந்தன. ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு, டிக்கெட் கலெக்டர், மூட்டை சுமக்கும் போர்ட்டர், பயணிகள், வயலில் மேயும் ஆடுமாடுகள் எனப் பாதையோரம் உயிர்பெற்றது. பிறகு நிலைய வாசலில் நிற்கச் சிறிய மோட்டார் வண்டிகளையும் வார்த்தனர். அவையே 1934 முதல் டிங்கி டாய்ஸ் என்ற பெயரால் தனிப்புகழ் பெற்றன. இன்று உலகெங்கும் சேகரிக்கப்படும் மாதிரிக் கார்கள் பல 43-இல் ஒரு பங்கு அளவில் இருப்பதற்கு ஓ கேஜ் ரயிலே மூலகாரணம். ரயிலுக்குத் துணையாய் வந்த கார் ரயிலையே புகழில் முந்தியது ஒரு விந்தை!

கடையில் வாங்கியவற்றோடு சிறுவர்கள் நின்றுவிடவில்லை. அட்டையாலும் காகிதக் கூழாலும் குன்றுகள் எழுப்பினர்; மரத்தூளுக்குப் பச்சைச் சாயமிட்டுப் புல்லாக்கினர். 1928-இல் ஹார்ன்பி தம் ரயில்களை வைத்திருக்கும் சிறுவர்களுக்கென ரயில்வே கம்பெனி என்ற பெயரிலேயே ஒரு சங்கம் அமைத்தார். உறுப்பினர்கள் சட்டையில் சின்னம் அணிந்து, கால அட்டவணை வகுத்து, கைகாட்டி விதிகளுக்கு அடங்கி ரயில் ஓட்டினர். தனித்து விளையாடியவர்கள் கூடி ஆடவும் கட்டுப்பாட்டுக்கு உட்படவும் இதனால் பழகினர்.

புகழும் முடிவும்

1930 வாக்கில் ஹார்ன்பி பெருஞ்செல்வராய் விளங்கினார். 1931 முதல் 1935 வரை லிவர்ப்பூலின் எவர்டன் தொகுதியிலிருந்து பார்லிமெண்ட் உறுப்பினராகவும் இருந்தார். அவர் கண்ட துளைப்பட்டைகளோ விளையாட்டின் எல்லையையும் கடந்தன. 1934-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற அறிஞரும் அவர் மாணவர் ஆர்தர் போர்ட்டரும், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணக்கீட்டு இயந்திரம் ஒன்றைப் பெரும்பாலும் மெக்கானோத் துண்டுகளாலேயே கட்டி வெற்றி கண்டனர்.

குறையும் ஒன்று உண்டு. அக்கால வழக்கத்தின்படி அவருடைய பெட்டிகளும் பத்திரிகையும் ஆண் பிள்ளைகளை நோக்கியே பேசின. திருப்புளி பிடிக்கப் பெண்களுக்கும் கையுண்டு என்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை. பொறியியல் கல்லூரிகளில் நம் பெண்மக்கள் பயிலும் இக்காலத்தில் அக்குறையை நாம் தொடரலாகாது.

1936 செப்டம்பர் 21-ஆம் நாள், தம் 73-ஆம் வயதில், லிவர்ப்பூலை அடுத்த மகல் என்னும் ஊரில் அவர் இயற்கை எய்தினார். எந்தப் பிள்ளைக்காகத் தகரம் வெட்டினாரோ, அந்த ரோலண்டே பின்னர் கம்பெனியின் தலைமையை ஏற்றார். 1938-இல், 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ஹார்ன்பி டப்ளோ என்னும் சிறிய ரயில் வெளிவந்தது. இடநெருக்கடியுள்ள வீடுகளுக்கு அஃது ஏற்றதாயிற்று. பிளாஸ்டிக்குப் போட்டியும் பணமுடையும் வந்தபோது, 1964-இல் கம்பெனி பிறர் கைக்கு மாறிற்று. 1979 நவம்பரில் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆயினும் ஹார்ன்பி என்ற பெயரோடு மாதிரி ரயில்கள் இன்றும் விற்பனையாகின்றன. மெக்கானோவின் வழிவந்த துளைப்பட்டைப் பெட்டிகளை நம் நாட்டுக் குழந்தைகளும் கையாண்டு வருகின்றனர்.

விலையுயர்ந்த ரயில் வாங்கித் தருவது எல்லோர்க்கும் இயலாது. அது வேண்டுவதும் இல்லை. ஹார்ன்பியின் பிள்ளைகளுக்கு முதலில் கிடைத்ததும் கடைப்பொம்மையன்று. நாள் முழுதும் உழைத்துக் களைத்த தந்தை, மாலையில் தரையில் அமர்ந்து வெட்டித் தந்த தகரத் துண்டுதான். வருகின்ற நவராத்திரியில் கொலுப் பூங்கா அமைக்கும்போது, காலனிப் பெரியோர் அரைமணி நேரம் பிள்ளைகளோடு தரையில் அமர்வார்களாக. பழைய அட்டைப்பெட்டியில் ஒரு நிலையம் கட்டி, வாசலில் நம் சொந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதி வைப்பார்களாக. ஊரைக் கண்டிராத பேரப்பிள்ளை அப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்கும்.

வாழ்க குழந்தைச் செல்வங்கள்! வளர்க அவர்தம் கைத்திறன்!