அலையைச் சின்னதாக்கிய போஸ்



எஃப்.எம். ரேடியோவில் ஏரியல் குச்சியை இழுத்து விட்டால்தான் பாட்டு தெளிவா கேக்கும். அந்தக் குச்சி எவ்வளவு நீளம் இருக்கணும்னு யோசிச்சிருக்கீங்களா? அதை அலைதான் முடிவு செய்கிறது. அலையின் நீளத்தில் கால் பங்கு ஏரியல் இருந்தால் நல்லா வேலை செய்யும். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதனால் 75 செ.மீ. குச்சி போதும். 300 மீட்டர் நீளமுள்ள மத்திய அலையை அனுப்ப 75 மீட்டர் உயரக் கோபுரம் வேணும்!

ஓடுற வண்டியில் கோபுரம் கட்ட முடியுமா? ஹாம் ரேடியோக்காரர்கள் 40 மீட்டர் அலையில் பேசுவார்கள். அதற்கு 10 மீட்டர் கம்பி தேவை. ஜீப்பு மேல 2 மீட்டர் குச்சிதான் நிக்கும். குறையும் நீளத்தை ஈடுகட்ட, குச்சியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றைச் சேர்ப்பார்கள். ஆனால் அனுப்பும் சக்தியில் பெரும்பங்கு அந்தச் சுருளிலும் தரையிலும் சூடாகி வீணாப் போயிடும். சுருளைத் தடித்த கம்பியில் சுற்றி, அடியில் வைக்காமல் நடுவில் வைத்தால் வீணாவது குறையும். வண்டியின் இரும்பு உடம்போடு இணைப்பை நல்லா இறுக்கினால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் முழுசா நிற்காது.

அலை பெரிசா இருந்தா கருவியும் பெரிசாகத்தான் வேணும். அப்போ அலையையே சின்னதாக்கினால்? இப்படிச் செய்து காட்டியவர்தான் நம் நாட்டு விஞ்ஞானி சர் ஜெகதீஷ் சந்திர போஸ்.

இவர் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இப்போது வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் பெரிய அரசு அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போவார்கள். ஆனால் அவர் தன் மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே விவசாயி மகனும் மீனவர் மகனும் போஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தார்கள். அவர்கள் சொன்ன பறவை, மீன் கதைகளைக் கேட்டுத்தான் இயற்கை மேல் அவருக்கு ஆசை வந்தது.

பிறகு கல்கத்தாவில் படித்தார். 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் விடாமல் வாட்டியதால் அதை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கேதான் சோதனை ஆரம்பிச்சது. இந்தியருக்கு வெள்ளைக்காரர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். போஸுக்குத் தற்காலிக வேலை என்பதால் அதிலும் பாதி. அவர் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். அப்போது தந்தைக்குக் கடன் வேறு இருந்தது. 1887-இல் அபலா தாஸ் அம்மையாரைத் திருமணம் செய்தார். அந்த அம்மையார் நம்ம சென்னையில் மருத்துவம் படித்தவர். வருமானம் இல்லாத வீட்டை அவர்தான் சமாளித்தார். கடைசியில் கல்லூரியே இறங்கி வந்தது. மூன்று வருஷத்துச் சம்பளத்தையும் முழுசாகக் கொடுத்தது. அதை வைத்துக் கடனை அடைத்தார்கள்.

1894-இல் ஆராய்ச்சி தொடங்கினார். அவருக்குக் கிடைத்த இடம் வெறும் 24 சதுர அடி! நம்ம வகுப்பில் ரெண்டு மூணு பெஞ்சு போடுற இடம்தான். அவருக்கு முன் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி உண்டாக்கிய அலைகள் நீளமானவை. அந்த அலைகளும் ஒளி மாதிரி திரும்புமா, வளையுமா என்று பார்க்கப் பெரிய பெரிய கருவிகள் வேண்டும். அந்தச் சின்ன அறையில் அதுக்கு இடம் ஏது? போஸ் 5 மில்லிமீட்டர் வரைக்கும் அலையைக் குறுக்கினார். உடனே ஏரியலும் கையில் அடங்குகிற சின்னக் கொம்புக் குழல் ஆகிவிட்டது. அவருடைய கருவிகளை உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவர்தான் செய்து கொடுத்தார். முறுக்கிய சணலும், பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள் வைத்த ரயில்வே கால அட்டவணைப் புத்தகமும்கூட அவருக்கு ஆராய்ச்சிக் கருவிகளே!

1895-இல் கல்கத்தாவில் எல்லார் முன்னாலும் செய்து காட்டினார். கம்பி எதுவும் இல்லை. அலை சுவரைத் தாண்டிப் போய் 75 அடி தூரத்தில் மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்ற வைத்தது. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் விளக்கினார்.

குறுகிய அலைக்கு ஒரு குறை உண்டு. கடல் தாண்டி வெகுதூரம் போகாது. நீள அலையையும் உயரமான கம்பங்களையும் பயன்படுத்திய மார்க்கோனி 1901-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சேதி அனுப்பினார், 1909-இல் நோபல் பரிசும் பெற்றார். போஸுக்கு அந்தப் பரிசு கிடைக்கவில்லை. கண்டுபிடிப்பை விற்றுப் பணம் சேர்க்க அவருக்கு விருப்பமும் இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால்தான் ஒரு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அது 1904-இல் கிடைத்தது.

பிறகு செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917-இல் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-இல் மறைந்தார்.

இன்று 5ஜி-க்காக ஒதுக்கியிருக்கும் 26 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர். அந்த 24 சதுர அடி அறையில் போஸ் விளையாடிய அதே அளவு அலைதான்! நூறு வருஷம் கழிச்சு உலகம் அவர் வழிக்கு வந்திருக்கு.

தோழிகளே! இடம் சின்னது, பொருள் இல்லை, தாய்மொழியில்தான் படிக்கிறோம்னு இனிமே நாம யாரும் தயங்க வேண்டாம்.

செய்து பாருங்கள்: எஃப்.எம். ரேடியோவின் குச்சியை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். எந்த நீளத்தில் பாட்டு நல்லா கேக்குதுன்னு ஸ்கேல் வைத்து அளந்து அறிவியல் டீச்சரிடம் காட்டுங்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி, லால்குடி