திருக்காவலூர்த் துறவி

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல்)

வீரமாமுனிவர் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடநூல்தான் நினைவுக்கு வரும். தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி என்று ஒப்பித்து மதிப்பெண் வாங்கியிருப்போம். எனக்கோ அவர் முதலில் ஏலாக்குறிச்சிச் சாமியார். ஆண்டுதோறும் அம்மா எங்களை அங்குள்ள அடைக்கல மாதா கோயிலுக்கு அழைத்துச் செல்வார்கள். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு முனிவரின் பாட்டு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நம்ம ஊர்ச் சாமியார் என்றுதான் சொல்வார்கள். அவர் இத்தாலியில் பிறந்தவர் என்று நான் சொன்ன அன்று அம்மா நம்பவே இல்லை.

இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. அதே ஊரில் அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு பிறந்தவர் அலோசியஸ் கொன்சாகா. பிரபுவின் மூத்த மகன். பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் துறவியானார். ரோமில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, 1591இல் 23 வயதில் இறந்தார். அந்தக் கதையைக் கேட்டே பெஸ்கியும் வளர்ந்திருப்பார். 1698இல் அவரும் அதே சபையில் சேர்ந்தார்.

இயேசு சபையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. நாள்தோறும் தம் மனத்தைத் தாமே விசாரணை செய்ய வேண்டும். இன்று என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்று ஒளிவுமறைவின்றிக் கணக்குப் பார்க்க வேண்டும். சபையை நிறுவிய இக்னாசியார் வகுத்த முறை இது. ஆத்தும சோதனை என்று எங்கள் ஞானோபதேச வகுப்பிலும் சொல்லித் தந்தார்கள். நான் அதைப் பாவசங்கீர்த்தனத்திற்கு முந்தைய ஐந்து நிமிட வேலையாகவே வைத்திருந்தேன்.

1710இல் கோவா வந்த பெஸ்கி, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 30. அந்த வயதில் ஒருவர் அ, ஆ தொடங்கி, பதினைந்தே ஆண்டுகளில் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை முடித்தார் என்றால் வியப்புத்தான். 1714, 1715 ஆண்டுகளில் எதிர்ப்பு எழுந்து, மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பினார். அதற்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை. மேல்நாட்டு உடையை விட்டுக் காவி உடுத்தினார். தைரியநாதர் என்ற பெயர் வீரமாமுனிவர் ஆயிற்று. கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அதன்மேல் ஒரு கலம்பகமும் பாடினார். அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயரின் கட்டி அவ்வூர் மண்ணால் குணமானதாகவும், அதற்காக அவர் கோயிலுக்கு நிலம் தந்ததாகவும் இன்றும் அங்கே சொல்வார்கள்.

இவையெல்லாம் நாம் அறிந்தவை. நான் எழுத வந்தது வேறொரு நூலைப் பற்றி. நூலகத்தில் வேதியர் ஒழுக்கம் என்ற தலைப்பைக் கண்ட நண்பன், நம் வேதியியல் துறைக்காரர்களுக்கு எழுதியது போலிருக்கிறதே என்று சிரித்தான். வேதியர் என்பது இங்கே உபதேசியாரைக் குறிக்கும். ஊர் ஊராகச் சென்று ஞானம் போதித்தவர்கள் அவர்களே. முனிவர் அவர்களுக்காகவே இதனை உரைநடையில் எழுதினார். பிறருக்கு உபதேசிப்பவன் முதலில் தன்னைப் பார்க்க வேண்டும், போதிப்பதைத் தான் நடந்து காட்ட வேண்டும் என்பது நூலின் அடிநாதம். ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று அவர் விட்டுவிடவில்லை. பாவத்தை விட்டு விலகுவது அன்றாட வேலை என்று கருதினார். பரமார்த்த குரு கதையையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். குரு என்ற பெயர் மட்டும் இருந்து, குருவுக்குரிய எதுவும் இல்லாத ஒருவரைக் கண்டுதானே நாம் சிரிக்கிறோம்!

அந்த வாரம் நானும் பெயருக்கு வேதியர்தான். ஆய்வகத்தில் பர்மாங்கனேட் தரம்பார்த்தல். இரண்டு அளவீடுகள் ஒத்துவரவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மூன்றாவதைச் செய்யாமலே மூன்றும் ஒத்த எண்களாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். யார் செய்யாதது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் பெயரோடு ஒரு புனிதரின் பெயரும் ஒட்டியிருக்கிறது. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியரிடம் போய், சார், அந்த மூன்றாவது அளவீடு நான் செய்யவில்லை என்றேன். அவர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்தை அடித்தார். வியாழக்கிழமை வந்து முதலிலிருந்து செய் என்றார். வியாழனன்று இளஞ்சிவப்பு நிலைக்க ஐந்து முறை செய்ய வேண்டியிருந்தது.

முனிவரிடமும் எனக்குப் பிடிக்காத பக்கம் உண்டு. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து அவர் எழுதியவற்றில் சூடு அதிகம். ஒரே வேதத்தைப் படித்தவர்களிடம் அத்தனை கடுமை ஏன்? பிறர் நூல் எல்லாவற்றிடமும் அவர் அப்படி இருந்தவரும் அல்லர். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவர் அவரே.

1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்தனர். நாடெங்கும் போர். முனிவர் பின்னர் தெற்கே சென்று, இறுதியில் கேரளத்து அம்பழக்காட்டில் 1747 பிப்ரவரி 4ஆம் நாள் மறைந்தார். சென்னைக் கடற்கரையில் 1968இல் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஆய்வகக் கதையையும் சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, சாமியார் அடங்கின ஊருக்கு அரியலூரிலிருந்து ரயில் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். திருச்சியில் மாற வேண்டும் என்றேன்.