ஓமந்தூரார் வகுத்த பங்கு

ஒரு குலத்திற்குப் பெருமை சேர்ப்போர் இருவகையினர். தம்மவர்க்குப் பொருளும் பதவியும் தேடித் தருவோர் ஒருவகையினர். தம்மவர் அல்லாதார்க்கும் நியாயம் வழங்கி, அதனாலேயே தாம் பிறந்த குலத்தின் பெயரை விளங்கச் செய்வோர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையினரைப் புகழ்தல் எளிது, பின்பற்றுதல் அரிது. நம் ரெட்டியார் குலத்து உதித்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அவர்கள் அவ்வகையினர் ஆவார். இடஒதுக்கீட்டை அடியோடு நீக்கிவிட வேண்டும் என்னும் பேச்சு நம் கூட்டங்களிலும் அடிக்கடி எழும் இந்நாளில், அவர் சரிதையை ஒருமுறை நினைவுகூர்தல் நம் கடமை எனக் கருதுகின்றோம்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் என்னும் சிற்றூரில், உழவுத் தொழிலையே தொன்றுதொட்டுக் கைக்கொண்ட குடும்பத்தில், 1895-ஆம் ஆண்டு பெருமகனார் பிறந்தனர். காந்தியடிகளின் நெறியிலே ஈடுபட்டுக் காங்கிரஸில் சேர்ந்து, தென்னார்க்காட்டுப் பகுதியில் தேச சேவை புரிந்து, சிறை வாசமும் ஏற்றனர். கதரும் எளிய உணவும் கண்டிப்பான ஒழுக்கமும் அவர்தம் அடையாளங்கள். வடலூர் வள்ளலாரின் சன்மார்க்கத்திலும், நம் அண்ணாமலையின் அடிவாரத்தே எழுந்தருளியிருந்த பகவான் ரமண மகரிஷிகளிடத்தும் அவர்க்கு ஆழ்ந்த பக்தியுண்டு. ஆதலின் திருவண்ணாமலை வாசிகளாகிய நமக்கு அவர் குலத்தால் மட்டுமன்றி, குருபக்தியாலும் உறவினர்.

1947-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி பதவி அவரை நாடி வந்தது. தேசம் விடுதலை பெற்ற நாளில் இம்மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பு அவர் கையிலேதான் இருந்தது. ஆலயப் பிரவேசச் சட்டமும், தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறின. மறு ஆண்டில் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது. நிலவுடைமையில் ஊறிய குடும்பத்தில் பிறந்தவர், நிலவுடைமையின் கொடுமுடியாகிய ஜமீன்தாரி முறைக்கு முடிவுகட்டிய ஆட்சியை நடத்தினார் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

எனினும் நம் பொருளுக்கு மிக அணித்தானது, அவர் காலத்து வகுப்புவாரி ஆணையே. 1928-ஆம் ஆண்டில், டாக்டர் சுப்பராயன் அமைச்சரவையில் முத்தையா முதலியார் அவர்கள் முயற்சியால் ஏற்பட்ட ஒழுங்கின்படி, சர்க்கார் உத்தியோகங்கள் பன்னிரண்டு பங்காக வகுக்கப்பட்டன. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவருமாகியோர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என்பது அக்கணக்கு.

பிராமணரல்லாதார் என்னும் ஒரே பெயருக்குள் நிலமும் கல்வியும் உடைய நம் போன்றோரும் இருந்தனர். பள்ளிக்கூட வாயிலை மிதித்தறியாத எண்ணற்ற வகுப்பினரும் இருந்தனர். வலியோனும் மெலியோனும் ஒரே பாத்திரத்தில் உண்ண அமர்ந்தால் எவன் கை முந்தும் என்பது சொல்ல வேண்டுவதில்லை. 1947 நவம்பரில் ஓமந்தூரார் அரசு அவ்வொழுங்கைத் திருத்திப் பதினான்கு பங்காக்கியது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2, பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்தவருக்கு 1 என வகுத்தனர். சிறுபான்மையோர் பங்கு இதனால் குறைந்தது என்பதையும் மறைத்தல் முறையன்று. ஆயினும் பிற்பட்டோர்க்கென்று தனி வாயில் இம்மாகாணத்து உத்தியோகக் கணக்கில் திறந்தது அப்போதுதான். கல்லூரிச் சேர்க்கைக்கும் இவ்விகிதமே கொள்ளப்பட்டது.

இதனால் அவர்க்கு எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. பெரியாரின் பெயரோடு தம் பெயர் ஒத்திருந்தமையால், தாடியில்லாத இராமசாமி நாயக்கர் என்று அவரை எள்ளினார்கள் என்பர். கோயில் வழிபாட்டிலும் மகரிஷிகளின் சந்நிதியிலும் தோய்ந்த நெஞ்சினர் அவர்; நாத்திகர் அல்லர். தெய்வ பக்தியும் வகுப்பு நியாயமும் ஒன்றையொன்று பகைப்பன என்னும் கருத்துக்கு அவர் வாழ்வே மறுப்பாகும். கட்சியினுள்ளே நேர்ந்த பிணக்குகளால் 1949 ஏப்ரலில் பதவியை விட்டு விலகினார்.

அதன் பின் நிகழ்ந்ததை நம் அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 1950 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9-ல் உச்சநீதிமன்றமும், வகுப்புவாரி ஒழுங்கு அரசியல் சட்டத்திற்கு மாறானது எனத் தீர்த்தன. ஆனால் முன்சீப் பதவிகளைப் பற்றிய வழக்கில், அரிஜனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது மட்டும் செல்லும் என்றே உச்சநீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் கல்விக்கும் அவ்வழியைத் திறந்தது. ஆகவே அவர் வகுத்த பதினான்கு பங்குகளில், நம்மவர்க்கு உதவியிருக்கக்கூடிய ஆறு பங்கும் மறைந்தன. பிறர்க்கென அவர் பிரித்து வைத்தவையே நிலைத்து வளர்ந்தன. இன்று தமிழ்நாட்டில் 69 விழுக்காடாக நிற்கும் ஒதுக்கீட்டின் வேர்களுள் ஒன்று அது.

எஞ்சிய 31 விழுக்காடு எல்லோர்க்கும் பொது. நம்மவரில் பெரும்பாலோர் அப்பொதுப்பிரிவிலேயே போட்டியிட வேண்டியவராயினர். நல்ல மதிப்பெண் பெற்றும் இடம் கிட்டாத பிள்ளையின் துயரம் மெய்யான துயரமே. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தந்தையின் சுமையும் மெய்யே. அவற்றை நாம் இகழோம். ஆயினும், அத்துயரத்திற்கு மருந்து பிறன் பங்கைப் பறித்தலா என்பதே கேள்வி.

ஓமந்தூரார் பழைய ஒழுங்கை அப்படியே பூசித்தாரும் அல்லர்; வேண்டாவென்று கிழித்தெறிந்தாரும் அல்லர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடந்த ஒழுங்கை எடுத்துப் பார்த்து, எவர்க்குச் சேரவில்லையோ அவர்க்குச் சேருமாறு திருத்தினார். பின்னாளில் 1989-ல் மிகவும் பிற்பட்டோர்க்கு 20 விழுக்காடு தனியே பிரிக்கப்பட்டதும், 2009-ல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்ததும் அவ்வழியே. ஆதலின் நாம் கேட்கத் தக்கது, ஒதுக்கீடு ஒழிக என்பதன்று. மெய்யான கணக்கு எடுக்கப்படுக, கல்லூரிகள் பெருகுக, பயன் முற்றும் பெற்றோர் பெறாதார்க்கு வழிவிடுக என்பதே. நம் ஏழைப் பிள்ளைகளுக்கோ, திருமணச் செலவிற் கரையும் பொருளில் ஒரு கூறை உபகாரச் சம்பளமாக நாமே அளித்தல் தகும்.

பதவி துறந்தபின் அவர் வடலூரை அடைந்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்தி, 1970 ஆகஸ்டு 25-ல் இறைவனடி சேர்ந்தார். சென்னையில் அவர் பெயர் தாங்கிய அரசினர் தோட்டத்தில் இன்று ஒரு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. தம் தலைமுறையிலேயே முதன்முதல் கல்லூரி வாயிலை மிதிப்போர் அங்கே ஒதுக்கீட்டின் வழியே கற்கின்றனர். அப்பெரியாரின் படத்திற்கு மாலை சூட்டும் நம் கைகள், அப்பிள்ளைகளின் வாயிலை அடைக்க ஒருகாலும் நீளாதிருக்க அண்ணாமலையார் அருள்புரிவாராக.