தொடக்கத்தைத் தேடிய பாதிரியார்

உலகம் எப்படித் தோன்றியது என்று சொல்லும் கதைகள் பல இன மக்களிடையே உண்டு. ஆயினும், நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அறிவியலாளர்களில் பெரும்பாலோர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அண்டம் என்றும் உள்ளது, அது மாறாதது என்று அவர்கள் எண்ணினர். மாறாத ஒன்றுக்குத் தொடக்கத்தை ஏன் தேட வேண்டும்? அந்தக் கேள்வியை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் லெமைத்ரே என்ற பாதிரியார்.

லெமைத்ரே 1894ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் சார்லருவா நகரில் பிறந்தார். அவருடைய தந்தை கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். அது தீக்கிரையான பிறகு குடும்பம் பிரஸ்ஸெல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஏறத்தாழ ஒன்பது வயதிலேயே, தாம் பாதிரியாராகவும் அறிவியலாளராகவும் ஆக வேண்டும் என்று லெமைத்ரே முடிவு செய்துவிட்டார். இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எந்த வயதிலும் தோன்றவில்லை.

லூவேன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. அவர் தாமாகவே முன்வந்து படையில் சேர்ந்தார். நச்சுவாயுத் தாக்குதலை நேரில் கண்டார். வீரத்திற்காகப் பதக்கமும் பெற்றார். குண்டுகள் ஓய்ந்திருந்த நேரங்களில், பதுங்குகுழியில் அமர்ந்து இயற்பியல் நூல்களைப் படித்தார். போர் முடிந்து திரும்பியவர் பொறியியலைத் தொடரவில்லை. கணிதத்திலும் இயற்பியலிலும் மூழ்கி, 1920இல் முனைவர் பட்டம் பெற்றார். 1923இல் பாதிரியாரானார். அதன்பின் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் அமெரிக்காவின் ஹார்வர்டிலும் வானியலைக் கற்றார்.

அமெரிக்காவில் இருந்தபோது அவர் ஒரு புதிரை எதிர்கொண்டார். தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் ஒளியை வெஸ்டோ ஸ்லைஃபர் என்ற வானியலாளர் ஆராய்ந்து வந்தார். பெரும்பாலான திரள்கள் நம்மைவிட்டு மிக வேகமாக விலகுவதை அவர் அளந்து காட்டியிருந்தார். அவை ஏன் விலக வேண்டும்? லெமைத்ரே ஐன்ஸ்டைனின் சார்பியல் சமன்பாடுகளைக் கையில் எடுத்தார். திரள்கள் வெற்றிடத்தில் பாய்ந்து ஓடவில்லை. அவற்றுக்கு இடையேயுள்ள வெளியே விரிகிறது என்று கண்டார். உலர்திராட்சை கலந்த ரொட்டி மாவு உப்பும்போது, ஒவ்வொரு திராட்சையும் மற்றவற்றிலிருந்து விலகுகிறது. தொலைவிலுள்ள திராட்சை கூடுதல் வேகத்தில் விலகுகிறது. அண்டமும் அப்படித்தான்.

இதை 1927இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். ரஷ்ய அறிஞர் அலெக்சாண்டர் ஃபிரிட்மன் 1922இலேயே விரியும் அண்டத்திற்கான கணக்கைப் போட்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அக்கணக்கை வானில் கண்ட அளவுகளோடு பொருத்திக் காட்டியது லெமைத்ரேதான். அதே ஆண்டு அவர் ஐன்ஸ்டைனைச் சந்தித்தார். கணக்கில் குறையில்லை, ஆனால் இயற்பியல் கருத்து சிறிதும் ஏற்கத்தக்கதன்று என்று அந்த மாமேதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முப்பத்து மூன்று வயது இளைஞருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1929இல் எட்வின் ஹபிள் தம் அளவீடுகளை வெளியிட்டபோது, உலகம் ஹபிளைக் கொண்டாடியது. லெமைத்ரேயின் கட்டுரை 1931இல்தான் ஆங்கிலத்தில் வந்தது. அதில் விரிவின் வேகத்தைக் கணக்கிட்ட பகுதி இல்லை. யாரோ வேண்டுமென்றே நீக்கிவிட்டார்கள் என்று பின்னாளில் சிலர் ஐயுற்றனர். ஆனால், நீக்கியவர் லெமைத்ரேயே என்பது 2011இல் தெரியவந்தது. அதைவிடச் சிறந்த அளவீடுகள் வந்துவிட்டதால், பழையதை மீண்டும் அச்சிட வேண்டியதில்லை என்று அவர் கருதியிருக்கிறார்! 'ஹபிள் விதி' என வழங்கிய விதியை 'ஹபிள்-லெமைத்ரே விதி' என அழைக்குமாறு அனைத்துலக வானியல் ஒன்றியம் 2018இல் பரிந்துரைத்தது.

விரியும் அண்டத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் என்ன ஆகும்? நேற்று அது சிறியதாக இருந்திருக்கும். அதற்கு முன் இன்னும் சிறியதாக இருந்திருக்கும். 1931இல் 'நேச்சர்' இதழுக்கு லெமைத்ரே ஒரு கடிதம் எழுதினார். அது இந்தப் பாடத்தைவிடச் சிறியது. அண்டத்தின் பொருள் அனைத்தும் முதலில் ஓர் ஆதி அணுவாக இருந்து, பின் சிதறியிருக்கலாம் என்று அதில் கூறினார். பலருக்கு இது பிடிக்கவில்லை. பாதிரியார் ஒருவர் தம் சமய நம்பிக்கையை அறிவியலுக்குள் நுழைக்கிறாரோ என்ற சந்தேகமும் எழுந்தது. இக்கருத்தை ஏற்காத ஃபிரெட் ஹோயில், 1949இல் பிபிசி வானொலி உரையில் இதற்கு இட்ட பெயர்தான் 'பெருவெடிப்பு'.

உண்மையான சோதனை வேறு திசையிலிருந்து வந்தது. 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், கடவுளின் படைப்புக்கு அறிவியலே சான்று தருகிறது என்னும் பொருளில் உரையாற்றினார். தம் சமயத்தின் தலைவரே ஆதரவு தந்தபோது வேறொருவர் மகிழ்ந்திருப்பார். லெமைத்ரே கலங்கினார். அண்டத்தின் இயற்பியல் தொடக்கம் வேறு, சமயம் கூறும் படைப்பு வேறு என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. தம் கோட்பாட்டை இறைநம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் சமமாக ஆராய வேண்டும் என்று விரும்பினார். எனவே, போப்பாண்டவரின் அறிவியல் ஆலோசகரிடம் இது குறித்துப் பேசினார். மறு ஆண்டு ரோம் நகரில் வானியலாளர்களிடையே உரையாற்றிய போப்பாண்டவர், அந்தக் கருத்தை மீண்டும் கூறவில்லை.

பிற்காலத்தில் லெமைத்ரே கணினி நிரல் எழுதுவதில் ஆர்வம் காட்டினார். பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து கற்பித்தார். 1964இன் இறுதியில் மாரடைப்பு அவரைத் தளர்த்தியது. இதற்கிடையே அமெரிக்காவில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர், வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சைத் தற்செயலாகக் கண்டுபிடித்தனர். அது அண்டத்தின் வெப்பமான தொடக்க காலத்தின் எச்சம். 1966 ஜூன் மாதத்தில், மருத்துவமனைப் படுக்கையில் இருந்த லெமைத்ரேயிடம் அவருடைய உதவியாளர் இந்தச் செய்தியைச் சொன்னார். அம்மாதம் 20ஆம் நாள், எழுபத்தோராம் வயதில், அவர் காலமானார்.