மணியாச்சியில் வெடித்த பெல்ஜியத் துப்பாக்கி

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் ரயிலில் போய்வரும் நம்மவர்கள் வாஞ்சி மணியாச்சி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயருக்குரிய வாஞ்சிநாதனும் நம்மைப் போல மலைக்கு மேற்கே வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. அவர் கையில் இருந்த துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது, அதே துப்பாக்கி வேறு எவர் எவர் கைக்குப் போயிற்று என்பதும் அவர் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய கதை.

திருவிதாங்கூர்ப் பிரஜை

வாஞ்சிநாதன் 1886-ஆம் ஆண்டு செங்கோட்டையில் பிறந்தார். தந்தை ரகுபதி ஐயர். தாய் ருக்மணி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். வாஞ்சி என்பது வீட்டில் அழைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மூணாறும் தேவிகுளமும் பீர்மேடும் அதே சமஸ்தானத்தில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை தமிழ்நாட்டுக்குப் போயிற்று. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. ஆகவே, மூணாறு மலையில் அன்று கொழுந்து கிள்ளிய நம் பாட்டன் பாட்டிகளும் வாஞ்சியும் ஒரே மகாராஜாவின் ஆட்சியில் வாழ்ந்தவர்கள்.

படிப்பு முடிந்ததும் வாஞ்சிக்குத் திருவிதாங்கூர் வன இலாகாவில் வேலை கிடைத்தது. புனலூரில் உத்தியோகம். கொல்லத்திலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டைக்கு 1904-லேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. பொன்னம்மாளுடன் திருமணமும் ஆயிற்று. மாதச் சம்பளம், குடும்பம், கூப்பிடு தூரத்தில் சொந்த ஊர் என்று அமைதியாகக் கழிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது.

நெல்லைச் சீமையில் நடந்தவை

மலைக்குக் கிழக்கே நிலைமை வேறாக இருந்தது. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட்டது. அதிகாரிகளும் சுதேசிக் கம்பெனிக்கு நெருக்கடி கொடுத்தார்கள். அப்போது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர் ராபர்ட் வில்லியம் ஆஷ்.

1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் மாண்டனர். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. சிறையில் அவர் செக்கிழுத்ததை நாடு அறியும். கப்பல் கம்பெனி நொடித்துப்போயிற்று. 1910-ல் ஆஷ் திருநெல்வேலி ஜில்லாவின் கலெக்டர் பொறுப்புக்கு வந்தார்.

அதே ஆண்டில் நீலகண்ட பிரம்மச்சாரி என்ற இளைஞர் ஊர் ஊராகச் சென்று பாரத மாதா சங்கம் என்னும் ரகசியச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். சேர்ந்தவர்களில் வாஞ்சியும் ஒருவர். 1911 ஜனவரியில் வாஞ்சி மூன்று மாத லீவு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்ததால் பிரிட்டிஷ் போலீஸ் அங்கே கைது செய்ய முடியாது. லண்டனிலிருந்து தப்பி வந்திருந்த வ.வே.சு. ஐயர் அங்கே அவருக்குத் துப்பாக்கி சுடப் பழக்கினார்.

ஹெர்ஸ்டால் தொழிற்சாலை

வாஞ்சியின் கைக்கு வந்தது ப்ரௌனிங் என்னும் தானியங்கிக் கைத்துப்பாக்கி. பெல்ஜியத்தில் லீஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டால் என்ற ஊரில் செய்யப்பட்டது. அங்குள்ள எஃப்.என். தொழிற்சாலை 1889-ல் ஏற்பட்டது. பெல்ஜிய ராணுவத்துக்கு ஒன்றரை லட்சம் மௌசர் ரைபிள் செய்து கொடுப்பதே அதன் முதல் வேலை. பிறகு ஜான் மோசஸ் ப்ரௌனிங் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிபுணருடன் 1897-ல் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பலனாக 1900-ஆம் ஆண்டு மாடல் கைத்துப்பாக்கி வந்தது. 7.65 மில்லிமீட்டர் தோட்டா ஏழு, கைப்பிடிக்குள் அடங்கும். ஒவ்வொரு தடவையும் விசையை இழுத்தால் போதும். அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். எடை அரைக் கிலோவுக்குச் சற்றே அதிகம். சட்டைக்குள் மறைத்துவிடலாம்.

அடுத்தடுத்து 1903-ல் ராணுவத்துக்கும் போலீசுக்கும் ஏற்ற 9 மில்லிமீட்டர் மாடல், அதன்பின் உள்ளங்கை அளவில் 6.35 மில்லிமீட்டர் சின்னத் துப்பாக்கி, 1910-ல் இன்னொரு மாடல் என்று வரிசையாக வந்தன. வேட்டைக்கு ஐந்து தோட்டாத் தானியங்கித் துப்பாக்கியும் உண்டு. மோட்டார் சைக்கிளும் காரும் கூட அதே தொழிற்சாலையில் செய்தார்கள்.

இந்த விற்பனைச் சரக்கு போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள். 1904 ஜூன் 16-ல் பின்லாந்தில் எய்கன் ஷௌமன் என்ற அரசாங்க உத்தியோகஸ்தர் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவை 1900 மாடலால் சுட்டு, அதே இடத்தில் தம்மையும் சுட்டுக்கொண்டார். 1909 அக்டோபர் 26-ல் ஹார்பின் ரயில் நிலையத்தில் கொரியர் ஆன் ஜுங் குன் ஜப்பானியத் தலைவர் இட்டோவைச் சுட்டதும் அதே மாடல்தான். அந்த டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றதும் ப்ரௌனிங்தான். அடிமைப்பட்ட நாடுகளின் படித்த வாலிபர்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே தொழிற்சாலைப் பொருளைக் கையில் எடுத்திருந்தார்கள்.

1911 ஜூன் 17

ஆஷ் தம் மனைவியுடன், கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைக் காணப் புறப்பட்டார். திருநெல்வேலி ரயில் காலை 10-38-க்கு மணியாச்சியை அடைந்தது. தூத்துக்குடியிலிருந்து வரும் சிலோன் போட் மெயிலுக்காக அது காத்து நின்றது. அக்காலத்தில் இலங்கைக் கப்பல் தூத்துக்குடியில்தான் வந்து சேரும். தனுஷ்கோடி வழி 1914-ல்தான் ஏற்பட்டது.

அந்தச் சில நிமிட இடைவெளியில் வாஞ்சி முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி ஆஷை மார்பில் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடிக் கக்கூசுக்குள் புகுந்து, வாய்க்குள் துப்பாக்கியை வைத்துச் சுட்டுக்கொண்டார். வயது 25. ஆஷும் பிழைக்கவில்லை.

வாஞ்சியின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்து நாளில் லண்டனில் நடக்கவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவை எதிர்த்தே இச்செயல் என்று அதில் கண்டிருந்தது. விடுதலை வேட்கையோடு சாதி, சமயப் பிடிப்பும் அதில் கலந்திருந்ததை மறைப்பதற்கில்லை. அதனால்தான் அந்தக் கடிதம் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

போலீஸ் வலை வீசியது. தர்மராஜ ஐயரும் வெங்கடேசுவர ஐயரும் பிடிபடுமுன் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒட்டப்பிடாரம் மாடசாமி கடைசிவரை அகப்படவே இல்லை. 14 பேர் மீது சென்னை ஹைகோர்ட்டில் வழக்கு நடந்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறை. பொன்னம்மாள் நெடுங்காலம் விதவையாக வாழ்ந்தார். ஆஷின் சமாதி பாளையங்கோட்டையில் இருக்கிறது. அவருடைய பிள்ளைகளும் அன்று தகப்பனை இழந்தவர்களே.

துப்பாக்கிக்குக் கட்சி இல்லை

ஹெர்ஸ்டால் தொழிற்சாலை நிற்கவில்லை. அதன் 1910 மாடலால்தான் 1914 ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டு உலக யுத்தம் மூண்டது. 1935-ல் 13 தோட்டா கொண்ட ஹை பவர் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் தொழிற்சாலையைப் பிடித்து அந்தத் துப்பாக்கியைத் தங்களுக்குச் செய்துகொண்டார்கள். அதையே கனடாவில் நேச நாடுகளுக்காகவும் செய்தார்கள்.

சுதந்திர இந்தியாவும் அந்த வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டது. நம் ஜவான்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த எஸ்.எல்.ஆர். ரைபிள், எஃப்.என். கம்பெனியின் எஃப்.ஏ.எல். ரைபிளைத் தழுவி மேற்கு வங்காளத்தில் இச்சாப்பூரில் செய்யப்பட்டது. ஹை பவர் மாதிரியில் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியும் அங்கே தயாராயிற்று. வாஞ்சி ரகசியமாய்ப் பெற்ற ஆயுதத்தின் தம்பிமார்கள், விடுதலைக்குப் பின் சர்க்கார் முத்திரையோடு நம் ராணுவத்துக்கு வந்தார்கள்.

காசு கொடுத்தவர் யாராயினும் அந்தத் தொழிற்சாலை விற்றது. சக்கரவர்த்தியின் போலீசும் அதை வாங்கியது. சக்கரவர்த்தியை எதிர்த்தவனும் வாங்கினான். எதற்காக, யாரை நோக்கி என்ற பொறுப்பு மட்டும் கையில் பிடித்தவனுடையது. அந்தப் பொறுப்புக்கு வாஞ்சி அன்றே, அந்த ஸ்டேஷனிலேயே, தம் உயிரைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார். மணியாச்சி பெயர்ப்பலகையில் இருப்பது துப்பாக்கி செய்தவன் பெயரல்ல. புனலூர் வன இலாகாவில் வேலை பார்த்த ஒருவரின் பெயர்.