வைரியும் மா. கிருஷ்ணனும்

இயற்கையை அறியக் காட்டுக்குத்தான் செல்லவேண்டும் என்று எண்ணுவோர் பலர். மயிலாப்பூரில் தம் வீட்டைச் சுற்றித் திரிந்த காக்கையையும் அணிலையும் காட்டு யானைக்கு நிகராக மதித்து எழுதிய ஒருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் மா. கிருஷ்ணன்.

1912-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1925-இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிவிட்டு அமர்ந்த தந்தையார் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது மகனுக்கு வயது 13. பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். பேராசிரியர் பைசன் தம்பதியருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று செடிகொடிகளைக் கண்டார். வண்ணம் தீட்டவும் அந்த அம்மையாரிடம் கற்றார். சட்டமும் படித்தார். ஆயினும் நல்ல வேலை எளிதில் கிட்டவில்லை. 1942-இல் சண்டூர் சமஸ்தானத்தில் சேர்ந்து ஆசிரியர், நீதிபதி எனப் பல பொறுப்புகளை வகித்தார். 1949-இல் சமஸ்தானம் இணைக்கப்பட்டதும் சென்னை திரும்பினார். அதன்பின் எழுத்தும் புகைப்படமுமே பிழைப்பு. பட்டம் பெறுமுன்பே வேலையை எண்ணிக் கலங்கும் நமக்கு அத்துணிவு வியப்பளிக்கிறது! வண்ணப்படம் பரவிய பிறகும் கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவருடைய கட்டுரைகளைப் படித்த பின்தான், எங்கள் தெரு வேப்பமரத்தில் கூடு கட்டிய வைரியை நான் கவனிக்கலானேன். வைரி, புறாவளவே உள்ள பருந்தினப் பறவை. லகர், ஷாஹீன் வல்லூறுகளைக் காண மதுரைக்கு அருகே அரிட்டாபட்டிப் பாறைகளுக்குச் செல்லவேண்டும். அவ்வூர் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வைரிக்கோ பேருந்து இரையும் தெருவே போதும். பெண், ஆணைவிடப் பெரியது. முட்டைகள் மூன்று வாரத்திற்குள் பொரிந்துவிடும். ஆண் இரை கொணரும். பெண் அதைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும்.

எதிர்வீட்டு அத்தையின் கோழிக்குஞ்சு ஒன்று காணாமற் போயிற்று. பழி வைரிமேல் விழுந்தது. கூட்டைக் கலைக்க அத்தை ஆள் தேடினார். நானும் நோட்டுப் புத்தகமுமாகப் பத்து நாள் மாடியில் அமர்ந்தேன். வந்த இரையில் பெரும்பாலானவை ஓணான். இடையிடையே எலி, ஒருமுறை அணில். கோழிக்குஞ்சை வைரி தூக்காது என்று நான் வாதாடவில்லை, தூக்கும். ஆனால், எத்தனை எலி என்பதையும் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் முழுவதும் நம்பவில்லை. எனினும் ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோழிகளைக் கூடைக்குள் கவிழ்த்து வைத்தார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் மார்பில் பழுப்புக் கோடுகளுடன் இரண்டு குஞ்சுகள் கிளைக்கு வந்தன.

வாதத்தைவிடக் கண்டதைக் குறித்து வைப்பதே பெரிது என்பதை நான் கிருஷ்ணனிடம் கற்றேன். அவருக்கு 1968-இல் நேரு நினைவு ஆய்வுநல்கை கிடைத்தது; பத்மஸ்ரீ விருதும் பெற்றார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950-இல் அவர் தொடங்கிய இயற்கைக் கட்டுரைத் தொடர், 1996 பிப்ரவரியில் அவர் மறையும்வரை, 46 ஆண்டுகள் வெளிவந்தது.