பிள்ளை உறங்காவில்லி தாஸர்: கண்டு கற்ற அனுட்டானம்



கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், சிறந்தவனுடைய ஒழுக்கத்தை உலகோர் பின்பற்றுவதைக் கண்ணன் அருளிய இடத்துக்கு, எம்பெருமானார் தமது பாஷ்யத்தில் நுட்பமான ஒரு பொருள் காட்டியருளினார். சிறந்தவன் ஒரு செயலை எந்த அளவில், எந்த அங்கங்களோடு செய்கிறானோ, அந்த அளவிலேயே உலகமும் அதைச் செய்யும் என்பது அது. அவன் குறைத்துச் செய்தால், காண்பவர்களும் குறைத்தே செய்வர்.

இதன் கனத்தை அண்மையில்தான் உணர்ந்தோம். புதுச்சேரி நகருக்கு வடக்கே கடலோரமாக உள்ள கனகசெட்டிக்குளத்தில், அடியோங்கள் வாழும் இல்லத்தில், ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பெருமாள் முன் தெண்டனிட்டு எழுந்தது. எழும்போதே பக்கத்தில் வைத்திருந்த மரப்பலகைத் துண்டை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டது. கைபேசியோடு ஸேவிக்க அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. நம்மைக் கண்டிருந்தது, அவ்வளவே. வெட்கித்து நின்ற அந்த வேளையில் நினைவுக்கு வந்தவர் பிள்ளை உறங்காவில்லி தாஸர்.

மாசி மாதத்து ஆயில்யத்தில் உறையூரில் அவதரித்தவர் தாஸர். மற்போர் வல்லவர், சோழ மன்னனிடம் பணிபுரிந்தவர், செல்வர். தம் மனைவியார் பொன்னாச்சியாரின் கண்ணழகில் அவருக்கு இருந்த ஈடுபாடு ஊரறிந்தது. திருவரங்கத்து உத்ஸவத்தில், நடுத்தெருவில், அவருக்குக் குடை பிடித்தபடி முகத்தையே நோக்கிச் சென்றவரைக் கண்டு ஊரார் நகைத்தனர். எம்பெருமானார் நகைக்கவில்லை. அவரை அழைத்துச் சென்று நம்பெருமாளின் திருக்கண்களை ஸேவிக்கச் செய்தருளினார். அன்றே தாஸர் உடையவர் திருவடிகளில் ஆச்ரயித்தார். பொன்னாச்சியாரும் அவ்வாறே ஆச்ரயிக்க, இருவரும் திருவரங்கத்திலேயே குடியேறினர். நம்பெருமாள் புறப்பாட்டில் வாளேந்தி உடன்சென்று, பெருமாளுக்கு ஏதும் தீங்கு நேருமோ என்று அஞ்சிக் காத்துவந்த பரிவினாலே மஹாமதிகள் என்ற பெயரும் அவருக்கு உண்டாயிற்று.

உடையவர் காவிரிக்கு நீராட எழுந்தருளும்போது முதலியாண்டானின் கையைப் பற்றிச் செல்வார்; நீராடி மீளும்போது தாஸரின் கையைப் பற்றி வருவார். குலப்பெருமை பாராட்டிய சிஷ்யர் சிலருக்கு இது பொறுக்கவில்லை. உடையவர் அவர்களோடு வாதம் செய்யவில்லை. ஓரிரவு, மடத்தில் உலர்ந்துகொண்டிருந்த அவர்களுடைய வஸ்திரங்களிலிருந்து சிறு துண்டுகளைக் கிழித்துவிடச் செய்தார். காலையில் அவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக் கடுஞ்சொற்களால் பூசலிட்டனர்.

பின்னர் மற்றோரிரவு தாஸரை மடத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, அச்சிஷ்யர்களையே அவர் திருமாளிகைக்கு அனுப்பி, உறங்கும் பொன்னாச்சியாரின் நகைகளைக் கழற்றிவரப் பணித்தார். விழித்துக்கொண்ட அம்மையார், ஸ்ரீவைஷ்ணவர்கள் வறுமையினால் வந்தார்கள் போலும் என்றெண்ணி உறங்குவதுபோலக் கிடந்தார். ஒருபுறத்து நகைகளை அவர்கள் கழற்றியபின், மறுபுறத்தையும் கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தார். அவர்கள் அஞ்சி ஓடிவிட்டனர். உடையவர் தாஸருக்கு விடைகொடுத்து, அவர் பின்னே சென்று நடப்பதைக் கேட்டுவருமாறு அவர்களையே மறுபடி அனுப்பினார்.

ஒருபுறம் மட்டும் நகையோடு நின்ற மனைவியாரிடம் தாஸர் காரணம் வினவினார். கேட்டறிந்து வருந்தினார், நகை போனதற்காக அன்று. புரண்டு கொடுத்ததில், இது என்னுடையது, நான் கொடுக்கிறேன் என்ற எண்ணம் கலந்துவிட்டதே என்பதற்காக. எம்பெருமான் உடைமையை அவன் அடியார் கொள்ளும்போது அசையாது கிடந்திருக்கலாகாதா என்பது அவர் ஏக்கம். நமக்கோ பொன்னாச்சியார் செய்ததே எட்டாத உயரம். அதில் ஒரு குறை காணும் கண் எத்தகையது!

வெளியே சிலர் நின்று கேட்கிறார்கள் என்று அவ்விருவருக்கும் தெரியாது. கதவடைத்த வீட்டில், நள்ளிரவில், கணவனும் மனைவியும் பேசிக்கொண்ட பேச்சு அது. காலட்சேபங்களில் எத்தனையோ கேட்டும் உருகாத நெஞ்சங்கள் அந்தத் திண்ணையோரத்தில் உருகின. விடிந்ததும் உடையவர், வஸ்திரம் கிழிந்த அன்று அவர்கள் நடந்துகொண்டதையும் இதையும் ஒப்பிட்டுக் காட்டினார். அவர்கள் தலைகவிழ்ந்தனர். நகைகளைத் தாஸரிடமே திருப்பியளித்து, நடந்ததை விளக்கியருளினார்.

தமது அந்திமகாலத்தில் தாஸர் ஸ்ரீவைஷ்ணவர்களின் ஸ்ரீபாததீர்த்தம் கொண்டு, எம்பெருமானாரின் திருப்பாதுகைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு திருநாடு அலங்கரித்தார். பொன்னாச்சியார் கலங்காது நின்று, கூடிய பாகவதர்களுக்குச் செய்ய வேண்டியவை அனைத்தையும் குறைவறச் செய்து முடித்தார். தாஸரின் திருமேனி வீதியின் கோடியைக் கடந்து கண்ணுக்கு மறைந்தபோது, ஒருமுறை கதறி, அவ்விடத்திலேயே தாமும் உயிர் நீத்தார்.